ஆமாம்பாளையத்தார் லேப்டாப் பிடித்த கதை

ஆமாம்பாளையத்தில் சந்தையில் பார்த்து மாடு பிடிக்கத் தெரியாத ஆம்பளை கிடையாது. அதைத் தவிர வேறெதுவும் தெரிந்த ஆம்பளையும் கிடையாது.

அந்த ஊரின் பெரிய மாட்டுத் தரகர் நாச்சிமுத்து. அவருக்கு ஒரே மகள், தேன்மொழி. படிப்பு எந்த வழியாக வந்து அந்தப் பிள்ளையிடம் ஒட்டிக்கொண்டது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒட்டியது போகவே இல்லை, ஜெர்மனி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வருகிற ஞாயிறு, நம் ஊர் நேரப்படி மத்தியானம் மூன்று மணிக்கு, அங்கே மேடையேறி டாக்டர் பட்டம் வாங்கப்போகிறாள். வாங்கிவிட்டு நாலு வார்த்தை தமிழிலும் பேசுவாளாம். அதை இங்கிருந்தே நேரலையில் பார்க்கலாமாம்.

நாச்சிமுத்துவிடம் இருந்தது பொத்தான் போன். அதில் என்னத்தைப் பார்ப்பது?

“மூணு வருசமாச்சு அம்மிணி உன் மூஞ்சியப் பார்த்து. இதையும் பார்க்காட்டி நான் என்ன அப்பன்?” என்று போனிலேயே மூக்கைச் சிந்தினார்.

“அழாதீங்கப்பா. ஒரு நல்ல லேப்டாப்பா பார்த்து வாங்குங்க. நேரா மட்டும் பார்க்காதீங்க, எல்லாப் பக்கமும் நின்னு பாருங்க, நிறம் மாறக் கூடாது. வெளிச்சத்துல வெச்சா உங்க மூஞ்சி அதுல தெரியக் கூடாது. சத்தத்தை முழுசா வெச்சு, கண்ணை மூடிக் கேளுங்க. கரகரப்பு இருக்கக் கூடாது. இல்லாட்டி கடைக்காரங்ககிட்ட போனைக் குடுங்க, நானே பேசிக்கிறேன்.”

கடைசி வார்த்தையை மட்டும் நாச்சிமுத்து ஏற்கவில்லை. வாங்குகிற வீட்டுப் பிள்ளையை விற்கிறவனோடு பேச விடுகிற தரகன் எந்தச் சந்தையில் இருக்கிறான்?

சனிக்கிழமை காலையிலேயே டவுன் கடைக்குப் படை கிளம்பியது. நாச்சிமுத்து, அவர் மச்சான் அப்பாவு, அக்கா மகன்கள் செங்கோடன், மாரப்பன். நாலு பேர் தோளிலும் துண்டு.

கடையில் விற்பனையைக் கவனித்தவள் பிரேமா என்ற பெண். நல்ல பொறுமைசாலி. அன்று காலை வரைக்கும்.

அவள் ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். திரையில் பச்சைக்கிளி ஒன்று பறந்தது. அப்பாவு கீழே குனிந்து, மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல விசைகளை எண்ணினார். “பல்லெல்லாம் முளைச்சிருக்கு. வயசு சரிதான்.”

பிறகு நாலு பேரும் நாலு பக்கம் நின்றார்கள்.

“எனக்குக் கிளி தெரியுது,” என்றார் நாச்சிமுத்து.

“எனக்கும் தெரியுது,” என்றார்கள் இடமும் வலமும் நின்ற அப்பாவுவும் செங்கோடனும்.

லேப்டாப்புக்குப் பின்னால் நின்ற மாரப்பன் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். “மாமா, இந்தப் பக்கம் ஒரே இருட்டு. கிளி செத்துப்போச்சு.”

“ஐயா, அது மூடிங்க!” என்றாள் பிரேமா.

“பின்பக்கத்துல கோளாறு இருந்தா அதை மறைக்கத்தான் அம்மிணி மூடி போடுவாங்க,” என்றார் அப்பாவு. முப்பது வருட அனுபவம் பேசியது.

அடுத்து வெளிச்சம். லேப்டாப்பை வாசலுக்குத் தூக்கிப் போனார்கள். செங்கோடன் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டான்.

“மாமா, உள்ளே என் மூஞ்சி இருக்கு!”

“அப்ப நீ தள்ளிக்க, அது போயிரும்,” என்றார் அப்பாவு.

செங்கோடன் நகர்ந்தான். அந்த இடத்தில் மாரப்பன் மூஞ்சி வந்தது. மாரப்பனைத் தள்ளினால் அப்பாவு. நாச்சிமுத்து லேப்டாப்பைத் தள்ளி வைத்தார். “ஒருத்தன் வெளியே வந்தா இன்னொருத்தன் உள்ளே போயிர்றான். நாளைக்கு நாம நாலு பேரும் உக்காந்திருந்தா என் பொண்ணு எங்கேடா நிக்கும்?”

அடுத்து சத்தம். பிரேமா பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தாள். நாலு பேரும் பக்தியோடு கண்ணை மூடினார்கள். பாட்டு அருமையாக ஓடியது. இரண்டாவது சரணத்தில் ஆரம்பித்தது கரகரப்பு. கர்ர்ர்... கொர்ர்ர்...

“இந்த அண்ணன் தூங்கிட்டார்ங்க! அவர் குறட்டைங்க அது!” என்று பிரேமா கத்தினாள்.

“யாரோடதா இருந்தா என்ன அம்மிணி? கரகரப்பு இருக்கக் கூடாதுன்னுதான் எம்பொண்ணு சொல்லுச்சு,” என்றார் நாச்சிமுத்து.

இப்படிப் பதினோரு லேப்டாப் கழிந்தது. நாளை விழா. நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்தபோதுதான் அதைக் கண்டார். கடை வாசலில், கயிற்றில், லேப்டாப் வடிவத்தில் வெட்டிய விளம்பர அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரியட்டும் என்று இரண்டு பக்கமும் ஒரே படம்: பனிமலை, அடியில் ஏரி.

மாரப்பன் அட்டைக்குப் பின்னால் ஓடினான். “மாமா! இங்கேயும் மலை!”

வெயில் பளீரென்று அதன் மேல்தான் அடித்தது. மலை மங்கவில்லை. எவன் மூஞ்சியும் உள்ளே போகவில்லை. கண்ணை மூடிக் கேட்டார்கள். மாரப்பன் தூங்காமலிருக்க அப்பாவு அவன் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு கரகரப்பு? மூச்!

“சத்தமே வரலையே மாமா?” என்றான் செங்கோடன்.

“எம்பொண்ணு இன்னும் பேசவே இல்லையேடா. பேசாமயே கேட்டா அதுதாண்டா கோளாறு,” என்றார் நாச்சிமுத்து.

பிரேமா கையெடுத்துக் கும்பிட்டாள். “ஐயா, சத்தியமா அது வெறும் அட்டைங்க. எதுக்கும் உதவாதுங்க!”

நாலு பேரும் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். நல்ல மாட்டை வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பவர் அதைப் பற்றி என்ன சொல்வார்? எதுக்கும் உதவாது என்றுதானே சொல்வார்! நாச்சிமுத்து மாட்டுச் சந்தை வழக்கப்படி துண்டை விரித்து, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசக் கையை நீட்டினார். பிரேமா பதறி இரண்டடி பின்னால் போனாள்.

“ஒண்ணும் வேண்டாம்! சும்மாவே கொண்டு போங்க! சாமி, கொண்டு போங்க!”

வீடு வரும் வரைக்கும் அப்பாவு தன் மச்சானின் பேச்சுத் திறமையைப் புகழ்ந்துகொண்டே வந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு அட்டையை நாற்காலியில் சாய்த்து, ஊரே எதிரில் உட்கார்ந்தது. மலை தெரிந்தது. ஏரி தெரிந்தது. ஏரிக்கரையில் ஒரு மஞ்சள் படகும் இருந்தது. நாச்சிமுத்து இமைக்காமல் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது.

“வெள்ளைக்காரங்க நேரம் தவற மாட்டாங்கன்னு சொன்னாங்க. ஒரு ஆளையும் காணோமே,” என்றான் செங்கோடன்.

“பனி பெய்யுதில்ல? மெதுவாத்தான் வருவாங்க,” என்றார் அப்பாவு.

நாலரைக்குப் பொத்தான் போன் அடித்தது.

“அப்பா! பார்த்தீங்களா? உங்க பேரைச் சொன்னேனே, கேட்டுதா?”

நாச்சிமுத்து மூக்கைச் சிந்தினார். “எங்கே அம்மிணி? மலையத்தானே காட்டுறாங்க. உன்னைக் காட்டவே இல்லையே சாமி!”

“எந்த மலைப்பா? எல்லாம் முடிஞ்சு மண்டபத்தைப் பூட்டிட்டாங்களே!”

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை இன்னொரு முறை பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

“பூட்டினாப் பூட்டட்டும். அந்த மஞ்சப் படகு சும்மாதானே கிடக்கு? வந்து ஒரு நிமிசம் அதுல உக்காரு சாமி. அப்பன் கண்ணாரப் பார்த்துக்கறேன்.”

“ஐயோ, அப்பா!” என்று அலறினாள் தேன்மொழி. பிள்ளை தண்ணீருக்குப் பயப்படுகிறது என்று நாச்சிமுத்துவுக்குப் புரிந்துபோயிற்று.

“பயப்படாதே அம்மிணி, நாங்க இத்தனை பேர் இங்கே இருக்கோமில்ல?” என்றவர் மாரப்பனுக்குக் கண்ணைக் காட்டினார். மாடு குளிப்பாட்டப் போய்க் கொஞ்சம் நீச்சல் பழகியவன் ஊரில் மாரப்பன் ஒருவன்தான். அவன் சட்டையைக் கழற்றி அப்பாவு கையில் கொடுத்தான், வேட்டியை வரிந்து கட்டினான், அட்டைக்கு முன்னால் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றான்.