செவ்வாய்க்கிழமை முரசு

முன்னொரு காலத்தில், ஒரே ஏரியை நம்பி ஏழு ஊர்கள் பிழைத்துவந்த ஒரு நாட்டில், மன்னருக்குப் படகு விடும் ஆசை வந்தது. ஏரி கரையைத் தொட்டுத் தளும்ப வேண்டும். நடுவில் அன்னப் படகில் அவர் சாய்ந்திருக்க வேண்டும். யாராவது வீணை வாசிக்க வேண்டும். மடைகளைச் சித்திரை வரை அடைத்துவைத்தால் போதும் என்றார் அமைச்சர் விழுப்பரையர்.

மன்னர் கெட்டவர் அல்ல. "குடிகளைக் கேட்டீரா?" என்றார்.

அதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நாட்டில் எதை மாற்றுவதானாலும் சந்தைத் திடலில் நடுப்பகலில் முரசறைந்து சொல்ல வேண்டும். அவையில் இருக்கை உள்ள எவரும் முரசறைவிக்கலாம். பிடிக்காதவர்கள் மூன்று நாளுக்குள் அரண்மனை வாசலுக்கு வந்து மறுப்புச் சொல்லலாம். வராதவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டவர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை விழுப்பரையர் மலர்ந்த முகத்தோடு வந்தார். "முரசறைந்து மூன்று நாள் கழிந்தது, அரசே. ஒரு குரல்கூட எழவில்லை. அடுத்த ஞாயிறு மடைகளை அடைத்துவிடலாம்."

அவையின் விகடன் செண்டலங்காரன் இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். ஏழு ஊர்க்காரர்கள் பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால்கூடப் பஞ்சாயத்து வைப்பவர்கள். தண்ணீரை நிறுத்தும்போது வாயை மூடிக்கொண்டிருந்தார்களா?

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல் அவன் அரண்மனையிலிருந்து கிளம்பியபோது வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் சந்தைக் கூடை. காவலன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"எழுந்து போம்மா. கெடு நேற்றோடு முடிந்துவிட்டது."

"எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். சந்தையில் மடைக்காரர் சொன்னார். நான் மறுக்க வந்தேன். மறுக்காமல் போகமாட்டேன்."

"மறுத்தாலும் கணக்கில் வராதே!"

"வரும்வரை உட்காருகிறேன். உனக்கு என்ன, வாசல் தேய்ந்துவிடுமா?"

அவள் பெயர் அங்காயி. மடைக்குக் கீழே அரை வேலி நெல் போட்டிருந்தாள். செண்டலங்காரன் அவள் எதிரே குந்தினான்.

"பயிர் எப்படி இருக்கிறது?"

"சூல் கட்டியிருக்கிறது, ஐயா. இன்னும் மூன்று தண்ணீர் வேண்டும். இல்லையென்றால் கதிர் வரும், உள்ளே அரிசி வராது. ஏழு ஊரும் பதரைத்தான் தூற்ற வேண்டும்."

"முரசு உங்கள் காதில் விழவில்லையா?"

"சந்தையன்றைக்கு அறைந்தால் விழும். செவ்வாய்க்கிழமை வெறும் திடலில் அறைந்தால்? அன்றைக்கு நாங்கள் களையெடுத்துக்கொண்டிருந்தோம்."

செண்டலங்காரன் நேராக முரசறையும் மயிலனிடம் போனான்.

"அமைச்சர் சொன்னார், அறைந்தேன்," என்றான் மயிலன். "திடலில் இரண்டு கழுதைகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று காதை ஆட்டியது. அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அமைச்சர் சிரிக்கவில்லை."

ஞாயிறன்று விகடன் அவையில் விண்ணப்பம் வைத்தான். விழுப்பரையர் காத்திருந்தவர்போல எழுந்தார்.

"அரசே, திடலில் அறைய வேண்டும் என்பது சட்டம். அறைந்தேன். நடுப்பகலில் என்பது சட்டம். நடுப்பகல்தான். எந்தக் கிழமை என்று சட்டம் சொல்லவில்லை. இந்தக் கோமாளி நம் முன்னோரின் வழக்கத்தையே பழிக்கிறான்."

மன்னருக்குப் படகு கண்ணில் ஆடியது. "செண்டலங்காரா, சட்டப்படி எல்லாம் நடந்திருக்கிறது. குறை இருக்கிறது என்றால் அடுத்த ஞாயிற்றுக்குள் எனக்குக் காட்டு. காட்டாவிட்டால் மடை அடைபடும். உன் இருக்கையும் இந்த அவையில் இருக்காது."

"அப்படியே ஆகட்டும், மகாராஜா. அதுவரை எனக்கு இருக்கை உண்டு அல்லவா?"

"உண்டு."

"அது போதும்."

செவ்வாய் நடுப்பகலில் சந்தைத் திடலில் மறுபடி முரசு முழங்கியது. கழுதைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தன.

சனிக்கிழமை காலை மன்னர் உணவுக்கு அமர்ந்தார். இலை இல்லை. ஒரு மண்சட்டியில் கேழ்வரகுக் கூழும் ஒரு வெங்காயமும் வந்தன.

"இது என்ன?"

சமையற்காரர் இரண்டடி பின்வாங்கினார். "முரசறைந்தபடி, மகாராஜா. இன்று முதல் அரண்மனையில் மூன்று வேளையும் கூழ்தான் என்று ஆணை."

"யார் ஒப்புக்கொண்டது?"

"தாங்களும்தான், மகாராஜா," என்றபடி உள்ளே வந்தான் செண்டலங்காரன். "மூன்று நாளாகத் தாங்கள் மறுக்கவே இல்லை."

அந்த நேரம் விழுப்பரையர் வேர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். காலெல்லாம் புழுதி. "அரசே! என் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! அதில் பூசணிக்காய் ஏற்றுகிறார்கள்!"

"சந்தைக்குச் சுமை கொண்டுவரும் பெண்களுக்கு அமைச்சர் பல்லக்கைத் தருகிறார் என்றும் சேர்த்து அறைந்திருந்தேன்," என்றான் விகடன். "ஐயாவும் மறுக்கவில்லை. பெருந்தன்மை."

"என் காதில் விழவே இல்லையே!" என்று கத்தினார் அமைச்சர்.

"விழ வேண்டும் என்று சட்டம் இல்லையே, ஐயா."

மன்னர் வெங்காயத்தைக் கையில் உருட்டினார். "வாசலில் ஒருவர்கூட வந்து மறுக்கவில்லையா?"

"அங்கே ஏழு நாளாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். கேட்கலாம்."

அங்காயியை அழைத்துவந்தார்கள். "ஒரு ஈ காக்கை வரவில்லை, ராசா," என்றாள். "வந்தவள் நான் ஒருத்திதான். நான் வந்தது கூழுக்காக இல்லை, தண்ணிக்காக. என்னைத்தான் கணக்கில் இல்லை என்கிறார்கள்."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். கூழைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"இன்று சந்தை நாள்தானே? மயிலனைக் கூப்பிடு. நானே வருகிறேன்."

அன்று திடலில் எள் போட்டால் கீழே விழாது. மடை அடைக்கும் செய்தியை மயிலன் அறைந்து முடிப்பதற்குள் பத்துப்பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் பயிரைச் சொன்னார், ஒருவர் மாட்டைச் சொன்னார், ஒரு மீனவர் எல்லாரையும் மறுத்தார். மன்னர் கையமர்த்தி, ஒவ்வொருவராக முடிக்கும்வரை வெயிலில் நின்றார். கடைசியில் மடைக்காரர் ஒரு வழி சொன்னார்: "தை அறுப்பு முடியட்டும். அப்போதும் அரை ஏரி தண்ணீர் இருக்கும். படகுக்கு அது போதாதா, மகாராஜா?"

"போதும்," என்றார் மன்னர். "இனி முரசு சந்தை நாளில்தான். வாய் திறக்காதவர்களை ஒப்புக்கொண்டவர்களாக எவரும் எண்ணக் கூடாது. திடலில் கை தூக்கியவர்கள் மட்டுமே ஒப்புக்கொண்டவர்கள். விழுப்பரையரே, முரசைச் சுமந்து மயிலன் பின்னால் ஓராண்டு நடந்து வாரும். மக்கள் இருக்குமிடம் உமக்குப் பழகட்டும்."

பிறகு தன் கைக்காப்பைக் கழற்றினார். "செண்டலங்காரனுக்கு இந்தப் பொற்காப்பும், மடைக்குக் கீழே காலியாகக் கிடக்கும் ஒரு வேலி நிலமும் தருகிறேன். மயிலா, அறை!"

முரசு முழங்கியது.

"நான் மறுக்கிறேன்," என்றாள் அங்காயி.

செண்டலங்காரன் திரும்பிப் பார்த்தான். "அம்மா! உங்களுக்காகத்தானே என் இருக்கையையே பணயம் வைத்தேன்!"

"அதற்கு நன்றி, ஐயா. ஆனால் அந்த ஒரு வேலி ஊர் மாடு மேயும் பொது நிலம். காப்பை வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் ஆகாது."

"ஆகாது!" என்றது கூட்டம். நிலத்துக்கு ஒரு கைகூட எழவில்லை. காப்புக்கு எழுந்த கைகளை எண்ணி முடியவில்லை.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, காப்பை விகடனின் கையில் தானே பூட்டினார். செண்டலங்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்து, ஒரு நாடே கை தூக்கிக் கொடுத்த முதல் பரிசு அதுதான்.