மூன்று ஆள் உயர மதிலும் வஞ்சிர வறுவலும்

அறிவாளிகள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள். அதனால் அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கள்ளிவேலிப்பட்டிக்கு அந்தக் கஷ்டம் கிடையாது.

கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. அங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு. விருந்தாளியாகப் போன இடத்தில் அந்த வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், "உக்காருங்க மாமா" என்று ஒருவரை உட்கார வைத்தார்கள். எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மறுவீட்டு விருந்து முடியும் வரை மனிதர் அசையவே இல்லை. கடைசியில் பந்தல்காரர்கள் நாற்காலியோடு அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரியாதை தெரிந்த மனுஷன் என்று ஊரே இன்றைக்கும் அவரைப் புகழ்கிறது.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு செய்தி வந்தது. மணல்துறை என்ற துறைமுகப் பட்டணத்தில் ஜெனோவா என்றொரு பெண் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, ஊரின் பழைய கதையெல்லாம் சொல்லி, போகிற வழியில் ஆறு இடத்தில் ஆறு வகை மீன் ருசி பார்க்கக் கொடுக்கிறாளாம். வரலாறு என்றால் என்ன என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் மீனோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் தொட்டுக்கொள்ளும் பண்டமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, நாலு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

தலைவர் பெத்தணன். ஊர்ப் பொதுநலச் சங்கத்தின் ஒரே பெஞ்சு அவர் வீட்டில் கிடந்ததால் அவர்தான் தலைவர். அடுத்தவர் மொக்கராசு, எதையும் நாலு பக்கமும் யோசித்து ஐந்தாவது பக்கம் போய் விழுகிறவர். மூன்றாவது சீனியம்மா, தைரியசாலி. நாலாவது ஆள் வெள்ளைக்கண்ணு. பஸ்ஸில் ஒரு சீட்டு மிச்சம் இருந்ததால் அவரும் வந்தார்.

ஜெனோவாவின் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும், பாவம். ஊரைச் சுற்றிக்காட்ட அவளுக்கு நகராட்சி கொடுத்தது தற்காலிக அனுமதிதான். ஒரு குழுவாவது முழுப் பாதையும் நடந்து, ஆறு மீனும் தின்று, முடிவிடத்தில் நகராட்சி எழுத்தர் முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் அது நிரந்தரமாகும். ஏற்கெனவே வந்த இரண்டு குழுவையும் மழை விரட்டிவிட்டது. கெடு இன்றோடு முடிகிறது. எழுத்தர் தங்கப்பழம் மத்தியானம் ஒரு மணி வரை கடற்கரையில், வஞ்சிரம் வறுக்கிற அக்கா கடையில் காத்திருப்பார். ஒன்று அடித்தால் எழுந்து போய்விடுவார். ஆறு கடை அக்காமார்களும் விடியற்காலையிலிருந்து மீன் அலசி மசாலா தடவி வைத்திருக்கிறார்கள். ஜெனோவாவுக்கு வேண்டியது ஒரே ஒரு குழு, அதுவும் சொன்ன பேச்சைக் கேட்கிற குழு.

கடவுள் அப்படியே அனுப்பி வைத்தார்.

"நான் கொடியைத் தூக்குனா நடங்க, இறக்குனா நில்லுங்க. அவ்வளவுதான்" என்றாள் ஜெனோவா, மஞ்சள் கொடி ஒன்றைக் காட்டி. நாலு பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

கடைத்தெருவைக் கடக்கும்போது அவளுக்கு விக்கல் எடுத்தது. கொடியை இறக்கி, பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். நாலு பேரும் நடுரோட்டில் அப்படியே நின்றார்கள். பின்னால் டவுன் பஸ் நின்றது, அதன் பின்னால் ஐஸ் வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்து பெத்தணனின் பரம்பரையைப் பற்றிச் சில விவரங்கள் சொன்னார். பெத்தணன் கண்ணைக்கூட அசைக்கவில்லை. இந்த ஊரில் வரலாறு நன்றாகச் சொல்கிறார்கள் என்று பிற்பாடு பாராட்டினார்.

முதல் கடையில் நெத்திலி வறுவல். "கொஞ்சமா ருசி பாருங்க. கடைசியில வஞ்சிரம் வரும், அதுக்கு வயித்துல இடம் வைங்க" என்று சொன்னாள் ஜெனோவா. எல்லா அம்மாவும் சொல்கிற பேச்சுதான், எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. இவர்கள் கேட்டார்கள்.

"எந்தப் பக்கம் இடம் வைக்கிறது?" என்று ஆரம்பித்தார் மொக்கராசு.

"வலது பக்கம்தான். நல்ல காரியமெல்லாம் வலதுதான்" என்றார் பெத்தணன்.

"அப்ப நெத்திலி இடது பக்கமே நிக்கணுமே. நிமிந்து நடந்தா பரவிடாதா?"

ஆழ்ந்த கேள்விதான். நாலு பேரும் இடது பக்கம் சாய்ந்துகொண்டே சாப்பிட்டு, சாய்ந்துகொண்டே நடந்தார்கள். காற்றில் சாய்ந்த நாலு தென்னை ஒரு பெண் பின்னால் போவதைப் பார்த்த மணல்துறைக்காரர் ஒருவர், இது எந்தக் கோயில் வேண்டுதல் என்று மரியாதையாக விசாரித்தார்.

இரண்டாவது கடையில் சாளைக் குழம்பு. "முள்ளைப் பாத்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். நாலு பேரும் ஆளுக்கொரு முள்ளை எடுத்து எதிரே வைத்து, கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு மீனை வாயில் போட்டார்கள். சீனியம்மாவுக்குத் தொண்டையில் முள் குத்தி, ஒரு உருண்டை வெறுஞ்சோறு விழுங்க வேண்டியதாயிற்று. அவள் பார்த்த முள் நல்ல முள்தான், பார்க்காத முள்தான் துரோகம் செய்துவிட்டது என்று சமாதானம் சொன்னார்கள்.

மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது கடைகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த அக்காமார்கள் இப்போதும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பழைய சுங்கக் கட்டிடத்து வாசலில், "இங்கதான் வியாபாரிங்க கப்பல் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க" என்றாள் ஜெனோவா. நாலு பேரும் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். கப்பல் வராமல் எழுந்தால் வியாபாரிகளுக்கு என்ன மரியாதை? முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் ஜெனோவா மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கப்பல் வந்துவிட்டுப் போய்விட்டது என்றாள். நாங்கள் பார்க்கவில்லையே என்றார் பெத்தணன். நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றாள். நாலு பேரும் வெட்கத்தோடு துண்டை உதறி எழுந்தார்கள்.

அப்புறம் கோட்டை.

கோட்டை என்றால் கோட்டை இல்லை. கடலும் காலமும் சேர்ந்து எப்போதோ தின்று தீர்த்த இடம். ஒரு மைதானம், அதில் காயப்போட்ட வலை, நாலைந்து ஆடுகள். மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருபது அடி தள்ளி வஞ்சிரக் கடை. கடைவாசலில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு தங்கப்பழம் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. மணி பதினொன்றரை. ஜெனோவாவுக்கு உயிர் வந்தது.

இந்த இடத்துக் கதையை அவள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அந்தக் காலத்து ஆளாகவே மாறிச் சொன்னாள்.

"கண்ணை மூடி நினைச்சுப் பாருங்க. இந்தா, நம்ம காலுக்கு முன்னாடி மதில். மூணு ஆள் உயரம். பீரங்கிக் குண்டுகூடத் துளைக்க முடியாத மதில். தெரியுதா?"

"தெரியுது தாயி" என்றார்கள் நாலு பேரும்.

"சரி, கண்ணைத் திறங்க. வாங்க உள்ள போவோம்" என்று நடந்தாள். யாரும் வரவில்லை.

"வாசல் எந்தப் பக்கம் தாயி?" என்று கேட்டார் பெத்தணன்.

இதுவரை எந்த மனுஷரும் அவள் கதையை இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அந்தப் பூரிப்பில், மேற்கே ஒரே ஒரு வாசல்தான் என்று சொல்லிவிட்டாள். நாலு பேரும் மைதானத்தை ஒட்டி, கையால் மதிலைத் தடவிக்கொண்டே அரை மைல் சுற்றி, மேற்கே போய், தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். வாசல் தாழ்வு என்று அவள் சொல்லவே இல்லை. அது அவர்கள் சொந்தச் சரக்கு.

உள்ளே வந்து மைதானத்தைக் கடந்து கடைப்பக்கம் நெருங்கியதும் ஜெனோவா இன்னொரு வாக்கியம் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "உச்சிவேளை மணி அடிச்சா கதவை அடைச்சிருவாங்க. அப்புறம் ராசாவே வந்தாலும் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க."

சொல்லி வாயை மூடவில்லை, மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டோம் என்று மெதுவாகச் சொன்னார் மொக்கராசு.

அந்தப் பக்கம் அக்கா முதல் வஞ்சிரத் துண்டைக் கல்லில் போட்டாள். வாசனை மதிலைத் தாண்டி வந்தது. காலையிலிருந்து காலியாக வைத்திருந்த வலது வயிறு நாலும் ஒன்றாகக் கூவின.

ஜெனோவா என்னென்னமோ சொல்லிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை என்றாள். குண்டே துளைக்காத மதிலை இல்லை என்கிறாயே என்று வருத்தப்பட்டார்கள். சரி, கதவைத் திறந்தாயிற்று என்றாள். ராசாவுக்கே திறக்காத கதவு உனக்கு எப்படித் திறக்கும் என்று கேட்டார்கள். அவளே இங்கும் அங்கும் நாலு தரம் நடந்து காட்டினாள். உள்ளூர்க்காரிக்கு வழி தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அப்போது ஒரு ஆடு மெல்ல மதிலைக் கடந்து போனது.

"ஆடே போகுதே அண்ணாச்சி" என்றாள் ஜெனோவா, அழாத குறையாக.

"அது கதை கேக்கலையே, தாயி. அதுக்கு எப்படி மதில் தெரியும்?" என்றார் மொக்கராசு.

மணி பன்னிரண்டு இருபது. நினைத்ததால்தானே மதில் வந்தது, நினைப்பை விட்டுவிடுங்கள், போய்விடும் என்று யோசனை சொன்னாள் ஜெனோவா. நல்ல யோசனை என்று ஒத்துக்கொண்டார்கள். நாலு பேரும் கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்து, மதிலை மறந்தார்கள். மொக்கராசு முதலில் மறந்துவிட்டதாகக் கையைத் தூக்கினார். பத்தடி பின்னால் போய் ஓடி வந்தார். மதில் இருந்த இடத்தில் தடாலென்று பின்பக்கமாக விழுந்து நெற்றியைத் தடவினார்.

"என்னாச்சு?" என்று பதறினாள் சீனியம்மா.

"நான் மறந்துட்டேன். வெள்ளைக்கண்ணு இன்னும் மறக்கல. அவன் மதில்ல முட்டிக்கிட்டேன்."

எல்லோரும் வெள்ளைக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"முயற்சி பண்றேன்" என்றார் அவர் பரிதாபமாக. "மறக்கணும் மறக்கணும்னு நினைக்கிறப்பல்லாம் இன்னும் ஒரு வரிசை செங்கல் ஏறுது."

உயரம் கூடுவதற்குள் ஏறிவிடுவதுதான் புத்தி என்று முடிவாயிற்று. பெத்தணன் கீழே, அவர் தோளில் மொக்கராசு, அவர் தோளில் வெள்ளைக்கண்ணு, உச்சியில் சீனியம்மா. என்ன தெரிகிறது என்று கீழிருந்து முனகினார் பெத்தணன். மீன் தெரிகிறது என்றாள் சீனியம்மா. தரையில் நின்றபோதும் அதேதான் தெரிந்தது. ஆனாலும் மேலிருந்து பார்ப்பது தனி.

"அக்கா, அப்படியே குதிச்சிருங்க, ஒரு ஆள் கையெழுத்தாவது கிடைக்கட்டும்" என்று கெஞ்சினாள் ஜெனோவா.

"நான் குதிச்சா இவங்கள யாரு தூக்குறது? கூட்டமா வந்தவ கூட்டமாத்தான் போவேன்" என்று சொல்லி இறங்கிவிட்டாள் சீனியம்மா.

மணி பன்னிரண்டு ஐம்பது. தங்கப்பழம் எழுந்து வேட்டியை உதறினார். ஜெனோவா ஓடிப் போய் அவர் முன்னால் நின்றாள். சார், இருபது அடிதான் சார், நீங்களே வந்து வாங்கிக்குங்க என்று மன்றாடினாள். முணுமுணுத்துக்கொண்டே அவர் மைதானத்தைப் பார்த்து நடந்தார்.

"சார், நில்லுங்க. மதில்" என்று நாலு பேரும் கையைக் காட்டினார்கள்.

தங்கப்பழம் நின்றுவிட்டார்.

"எந்த மதில்?"

"கோட்டை மதில் சார். நல்ல உறுதியா இருக்கு" என்றார் பெத்தணன்.

தங்கப்பழம் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஃபைலைப் பிரித்தார். பதினோரு வருஷமாக, வருஷம் தவறாமல், ஆபீஸை விட்டு அசையாமல் அவர் எழுதிய வரி அதில் இருந்தது: 'கோட்டை நேரில் பார்வையிடப்பட்டது. மதில் உறுதியாக உள்ளது.' நேரில் பார்த்த சாட்சி இன்றுதான் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, நாலு.

அவர் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, அண்ணாந்து மூன்று ஆள் உயரத்துக்குப் பார்த்தார்.

"ஆமா, உறுதியாத்தான் இருக்கு" என்றார்.

ஜெனோவா தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

கதவோ அடைத்தாயிற்று, கெடுவோ பத்து நிமிஷம். தங்கப்பழம் சட்டத்தை ஒருமுறை மனசுக்குள் புரட்டினார். மீன் வறுபட்டது மதிலுக்கு வெளியே. ஆகவே அதை உள்ளே நின்று தின்றாலும் முடிவிடத்தில் தின்றதாகவே கொள்ளப்படும் என்று தீர்ப்புச் சொன்னார். கடைக்கார அக்கா வஞ்சிரத் துண்டுகளை ஒவ்வொன்றாக ஆகாயத்தில் வீசினாள். மூன்று ஆள் உயரம் போய் இறங்கிய மீனைச் சீனியம்மா முந்தானையில் பிடித்தாள். குறைவாக வீசிய ஒரு துண்டை, மதிலில் பட்டுவிட்டது என்று யாரும் தொடவில்லை. அதை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

படிவத்தைக் கல்லில் சுற்றி எறிந்தார்கள். கருத்து என்ற இடத்தில் 'மதில் பலம், மீன் அதைவிட' என்று எழுதி, நாலு கையெழுத்தும் போட்டு, திருப்பி எறிந்தார்கள். ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது தங்கப்பழம் சீல் குத்தினார். அன்று நாலு மணிக்குக் கதவு திறந்து, எல்லோரும் தலை குனிந்து வெளியே வந்தார்கள்.

ஜெனோவாவுக்கு அனுமதி நிரந்தரமாகிவிட்டது. கூடவே ஒரு நிபந்தனை: குழுக்கள் மேற்கு வாசல் வழியாக மட்டுமே நுழைய வேண்டும், மதில் மேல் ஏறக் கூடாது. இப்போது எந்த ஊர்க்காரர் வந்தாலும், எவ்வளவு படித்திருந்தாலும், அந்த அரை மைலைச் சுற்றித்தான் போகிறார்கள். வாசல் எங்கே இருக்கிறது என்று எவ்வளவு முயன்றும் மறக்க முடியாத ஒரே ஆள் என்பதால், வெள்ளைக்கண்ணுவையே அங்கே காவலுக்குப் போட்டிருக்கிறது நகராட்சி.

வேலையில் சேர்ந்த நாலாம் நாள் அவர் மனு போட்டார்: கதவு இருக்கிறது, சாவி தரவில்லை. மனு மேலே போய், கையெழுத்து வாங்கி, போன வாரம் சாவி வந்தேவிட்டது.

பூட்டில்தான் சேரவில்லையாம்.