காரிநங்கையின் தீர்ப்பு

அந்தக் காலத்தில் மருதங்காட்டு நாட்டை மிடலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் காதில் விழுந்ததைப் பொழுது சாய்வதற்குள் சட்டமாக்கிவிடுவான்.

அவன் காதுக்குப் பக்கத்திலேயே இருந்தவர் மழுவரையர் என்ற பிரதானி. ஆற்றூர் வழக்கு மன்றத்தில் நீதி சொல்லிவந்த காரிநங்கையின் பதவியைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர அவருக்கு ஆசை.

"அரசே, அந்தம்மாள் திருடனைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிறாள். சந்தையில் ஊரே சிரிக்கிறது" என்றார்.

ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. காரிநங்கையை வரவழைத்தான்.

"இரக்கம் காட்டியது தப்பு என்று சபையில் மன்னிப்புக் கேள். இல்லையென்றால் பதவியும் போகும், நாட்டை விட்டும் போக வேண்டும்."

"கேட்க மாட்டேன்" என்றாள் காரிநங்கை. "நான் கொடுத்த தீர்ப்பிலேயே எது மோசமென்று பிரதானியே சொல்லட்டும். அந்த வழக்கைச் சபை விசாரிக்கட்டும். நீங்கள் தண்டனை சொன்ன பிறகு நான் கொடுத்ததைச் சொல்கிறேன். என்னுடையது உங்களுடையதைவிட லேசாக இருந்தால் இப்படியே எல்லை தாண்டிப் போகிறேன்."

மழுவரையர் துள்ளினார். "வண்டிக்காரன் கோடன்! களஞ்சியத்தை உடைத்து நெல் திருடினான், காவல்காரன் கையையும் முறித்தான். இப்போது ஏரிப்பக்கம் ஜாலியாகத் திரிகிறான்!"

"என்ன தண்டனை சொல்கிறீர்கள்?" என்று சபையைக் கேட்டாள் காரிநங்கை.

"கையை வெட்டு!" என்றது சபை. ராஜாவும் தலையாட்டினான்.

"சரி, ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கோடனை வரவழைத்தாள். கணுக்கால் மறைய வேட்டி கட்டி வந்து நின்றான்.

"ஏன் திருடினாய்?" என்றான் ராஜா.

"வெள்ளத்தில் மாடு போச்சு சாமி. வீட்டில் பிள்ளை பசியில் அழுதது. காவல்காரர் தடுத்தார், தள்ளிவிட்டேன். விழுந்ததில் அவர் கை முறிஞ்சது. மறுநாள் நானே மன்றத்துக்குப் போய்ச் சொல்லிட்டேன்."

காவல்காரனும் வந்திருந்தான். "வலியில் துடித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவன் கையை வெட்டினால் என் வயலை யார் உழுவது? இவன்தான் உழுது தருகிறான்."

சபையில் குசுகுசுவென்று பேச்சு. ராஜா கோடன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"கை வேண்டாம். ஒரு போகம் முழுக்க ஏரிக்கரையில் மண் சுமக்கட்டும்."

"அதுவே அதிகம், பாவம்" என்றார் கிழட்டு அமைச்சர். மழுவரையர்கூட மறுக்கவில்லை.

காரிநங்கை திரும்பினாள். "கோடா, வேட்டியைத் தூக்கு."

கணுக்காலில், துணி சுற்றிய இரும்பு விலங்கு!

"இரண்டு போகம் மண் சுமக்கச் சொன்னேன், விலங்கோடு. எடுத்த நெல்லைத் திருப்பித் தரச் சொன்னேன். காவல்காரர் கை தேறும்வரை அவர் வயலை உழச் சொன்னேன். வெயிலில் மண் சுமக்கிறவன்தான் பிரதானி கண்ணுக்குத் திரிகிறவனாகத் தெரிகிறான். அரசே, நீங்கள் என்னைவிட இளகியவர். எந்த எல்லை வழியாகப் போகப்போகிறீர்கள்?"

ராஜா முகம் சிவந்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

"மாலை வேண்டாம். இனி யாரையும் விரட்டும் முன்பு வழக்கை முழுக்கக் கேளுங்கள்" என்றாள் அவள்.

"கேட்கிறேன். மழுவரையரே, அறுப்பு முடியும்வரை நீர் தினமும் இந்தம்மாள் மன்றத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வழக்கையும் கேட்க வேண்டும்."

போனார் மழுவரையர். முதல் நாள் சாட்சி வாய் திறக்கும் முன்பே "வெட்டு!" என்று கத்தினார். போகப் போகக் கத்தல் குறைந்தது. அறுப்பு நெருங்கிய ஒரு நாள், ஆடு திருடிய கிழவன் கதையைக் கேட்டுவிட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"பாவம், இவனை விட்டுவிடலாமே அம்மா?"

"முடியாது" என்றாள் காரிநங்கை. "உட்காருங்கள். ஆட்டுக்குச் சொந்தக்காரி இன்னும் பேசவில்லை."