நாடிமுத்து மொத்தமாக வந்தது

சாத்தாங்கொல்லையில் கோவிந்தராசு, வீராசாமி, தைலான் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். நல்லவர்கள். ஒரு நாளும் யாரையும் ஏமாற்றியதில்லை. ஏமாற்றுவதற்கு வேண்டிய சரக்கு அவர்களிடம் இல்லை. ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அதனால் அவர்களிடம் யாரும் வேலை சொல்வதில்லை.

மூத்தவன் கோவிந்தராசுக்கு ஐம்பத்தாறு வயது. குடும்பத்துக்கு வேண்டிய யோசனை எல்லாவற்றையும் அவன்தான் யோசிப்பான். யோசிப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பான். அப்புறம் யாரும் பேசக்கூடாது.

ஒருநாள் காலையில் புருணை நாட்டிலிருந்து அவனுக்குப் போன் வந்தது. பெரியப்பா மகன் நாடிமுத்து அண்ணன். இருபத்தொன்பது வருஷமாக அங்கே சலவைக்கடை வைத்திருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் அங்கேயே குடும்பமாகிவிட்டாள்.

"கோவிந்தராசு, போதும்டா. நான் மொத்தமா வந்துடறேன். பதினெட்டாம் தேதி திருச்சியில இறங்குறேன். அதுவரைக்கும் என் வீட்டைப் பாத்துக்கங்க. இன்னொண்ணு. நான் வர்றது யாருக்கும் தெரிய வேண்டாம். ஊரே கூடி அமர்க்களம் பண்ணிடும்."

கோவிந்தராசுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்து, இரண்டு தடவை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவர் அந்த அண்ணன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். செருப்பைக் கழற்றினான்.

"மொத்தமா வர்றேன்னாரு" என்றான்.

"அப்ப இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்?" என்று கேட்டான் வீராசாமி.

"சில்லறையா வந்திருக்காரு" என்றான் தைலான்.

கோவிந்தராசு யோசித்துப் பார்த்தான். நியாயமாகத்தான் பட்டது. "பெரியம்மா சாவுக்கு வந்தப்ப தலைமுடி வரல. அதுக்கப்புறம் வந்தப்ப முன்பல்லு ரெண்டு வரல. எல்லாத்தையும் அங்க பத்திரமா வெச்சிருந்திருக்காரு. இப்பதான் சேத்து எடுத்துக்கிட்டு வர்றாரு."

"அப்ப காரு பத்தாது."

"பத்தாது."

செங்கல் ஏற்றுகிற லாரி ஒன்றைப் பேசி வைத்தார்கள்.

அடுத்தது வீடு. மூன்று பேரும் நாடிமுத்துவின் வீட்டுக்கு எதிரே, வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்து வீட்டைப் பார்த்தார்கள். ஒருவன் சாப்பிடப் போனால் மற்ற இருவரும் பார்த்தார்கள். பதினோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பதின்மூன்றாம் நாள் வீட்டின் பின்சுவர் மெல்லச் சாய்ந்து, ஒரு நிமிஷம் தயங்கி, அப்படியே விழுந்தது. அப்போதும் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது ரகசியம். ஊரில் நூற்று நாற்பது வீடு. யாருக்கும் தெரியக்கூடாது என்றால், தெரியக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டுமே? ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, தைலான் தெருத்தெருவாகப் போனான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நமது நாடிமுத்து அண்ணன் வருகிற பதினெட்டாம் தேதி நிரந்தரமாக ஊருக்கு வருவது உங்களில் ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்!"

சாத்தாங்கொல்லைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். நாடிமுத்து வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சிவகாமி மட்டும் ஆட்டோவை நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டாள். "தம்பி, இன்னிலேர்ந்தே தெரியக்கூடாதா, பதினெட்டுலேர்ந்து தெரியாம இருந்தாப் போதுமா?"

"இன்னிலேர்ந்தே பழகிக்கங்கக்கா. அன்னிக்குச் சுலபமா இருக்கும்."

எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள்.

பதினெட்டாம் தேதி மூவரும் லாரியில் திருச்சி விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாடிமுத்து ஒரே ஒரு பெட்டியோடு வெளியே வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கத்தி மடிப்பு. தலையில் வெயில் பளபளத்தது. வீராசாமி அவரைத் தாண்டி வாசலையே எட்டி எட்டிப் பார்த்தான்.

"மீதி பின்னாடி வருதாண்ணே?"

நாடிமுத்துக்கு அது காதில் விழவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. வண்டிகள் நிற்கிற இடத்துக்கு ஓரமாகக் கொஞ்சம் செம்மண் கிடந்தது. அதன்மேல் போய் நின்றார். குனிந்து ஒரு பிடி அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தம்பிகளா, சத்தியமாச் சொல்றேன். இனிமே இந்த மண்ணை விட்டு ஒரு அடி நகர மாட்டேன்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோவிந்தராசு செருப்பைக் கழற்றினான்.

"அண்ணன் சத்தியம் பண்ணிட்டாரு" என்றான் தாழ்ந்த குரலில். "நம்ம ஊரு இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"மூணு மணி நேரம்."

"இந்த மண்ணு அவ்வளவு தூரம் வராதே."

"கொண்டுபோனா வரும்" என்றான் தைலான்.

லாரியில் செங்கல் சுமக்கிற கூடைகள் கிடந்தன. அண்ணன் காலுக்கு அடியில் மட்டும் விட்டுவிட்டு, சுற்றியிருந்த மண்ணை அள்ளி லாரியில் பரப்பினார்கள். கடைசியில் வீராசாமியும் தைலானும் அவரை அப்படியே தூக்கி அந்த மண்ணின்மேல் வைத்தார்கள். காலுக்கு அடியில் மிச்சமிருந்த மண்ணைக் கோவிந்தராசு தன் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டான்.

"என்னடா பண்றீங்க?" என்றார் நாடிமுத்து.

"உங்க சத்தியத்தை நாங்க காப்பாத்துறோம்ணே" என்றான் கோவிந்தராசு. அவன் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்த நாடிமுத்து, வெள்ளைச் சட்டையோடு மண்ணின்மேல் உட்கார்ந்துகொண்டார். ஊர் வந்து சேரும்போது சட்டையின் நிறத்துக்கும் மண்ணின் நிறத்துக்கும் வித்தியாசம் இல்லை.

வீட்டுக்குள் போனவர், பின்பக்கம் தென்னந்தோப்பு தெரிவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சுவர் எங்கடா?"

"விழுந்துடுச்சுண்ணே. ஆனா விழுந்தப்ப மூணு பேரும் பாத்துக்கிட்டுதான் இருந்தோம். நீங்க யாரை வேணும்னாலும் கேளுங்க."

நாடிமுத்து சிரித்துவிட்டார். அவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தில் ஒரு சுவர் பெரிதாகத் தெரியவில்லை. பின்பக்கம் தார்ப்பாய் கட்டிக்கொண்டு குடியேறினார்.

அவருக்கு வருத்தமாக இருந்தது வேறொன்று. டீக்கடைக்குப் போனால் கடைக்காரர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே கிளாஸை நீட்டினார். கோயிலில் குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு விபூதி கொடுத்தார். எதிரே வந்தவர்கள் வேப்பமரத்தைப் பார்த்து, "சவுக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"இருபத்தொம்பது வருஷம் கழிச்சு மொத்தமா வந்திருக்கேன்" என்றார் நாடிமுத்து. "எப்ப வந்தேன்னு ஒருத்தர் கேக்கலையேடா."

"ஊரு அவ்வளவு கட்டுப்பாடா இருக்குண்ணே" என்றான் கோவிந்தராசு பெருமையோடு.

மூன்றாவது வாரம், ரேஷன் கார்டு கேட்டு நாடிமுத்து தாலுகா ஆபீஸில் விண்ணப்பம் போட்டார். கோவிந்தராசு துணைக்குப் போயிருந்தான். அங்கே இருந்த மங்கையர்க்கரசி என்ற அம்மா காகிதங்களை விட்டுத் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "வியாழக்கிழமை நானே விசாரணைக்கு வர்றேன். நான் வர்றப்ப நாடிமுத்து வீட்டுல இருக்கணும். அவர் நிரந்தரமாத் தங்கிட்டார்னு நாலு பேர் வெளியில நின்னு சொல்லணும். இல்லேன்னா, சும்மா வந்து போறவர்னு எழுதிடுவேன்."

வெளியே வந்ததும் நாடிமுத்து பெருமூச்சு விட்டார். "ஊருல ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசறதில்ல. இந்தக் காகிதமும் கிடைக்கலைன்னா மகள்கிட்டயே போயிடறேன்டா, தம்பி."

கோவிந்தராசுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தம்பிகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினான். "நான் ஒண்ணு. வீராசாமி ரெண்டு. தைலான் மூணு."

"நாலாவது?"

எத்தனை தடவை எண்ணினாலும் மூன்றுதான் வந்தது. தைலானிலிருந்து ஆரம்பித்தும் எண்ணிப் பார்த்தார்கள். மாறவில்லை.

வியாழக்கிழமை காலையில் கோவிந்தராசு வீடுவீடாக ஓடினான். எங்கும் ஒரே பதில். சிவகாமி சொன்னாள்: "உங்கண்ணன் வந்தது எனக்குத் தெரியாதுன்னு வாக்குக் குடுத்துட்டேனே, தம்பி. தெரியாத விஷயத்துக்கு எப்படிச் சாட்சி சொல்றது? நேத்துகூட அவருக்குக் கத்திரிக்கா குழம்பு குடுத்தனுப்பிச்சேன். யாருக்குன்னு தெரியாமலேதான் குடுத்தனுப்பிச்சேன்."

அந்த நேரத்தில் தெருமுனையில் மங்கையர்க்கரசியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கோவிந்தராசு அண்ணன் வீட்டைப் பார்த்து ஓடினான். செருப்பை ஓடிக்கொண்டே கழற்றினான். யோசனை வந்துவிட்டது.

"அண்ணே, வெளியே வாங்க! நீங்கதான் நாலாவது ஆளு!"

"நானாடா?"

"நீங்க இங்க இருக்கறது உங்களை விட வேற யாருக்கு நல்லாத் தெரியும்?"

நாடிமுத்து என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் தம்பிகள் அவரை வரிசையில் நிறுத்திவிட்டார்கள். மங்கையர்க்கரசி வண்டியிலிருந்து இறங்கி, கோப்பைப் பிரித்தாள். பங்குனி வெயில். முகத்தில் வியர்வை ஓடியது.

"நாடிமுத்து இங்க நிரந்தரமாத் தங்கிட்டாரா?"

"தங்கிட்டாருங்க" என்றான் கோவிந்தராசு. "தங்கிட்டாருங்க" என்றான் வீராசாமி. "தங்கிட்டாருங்க" என்றான் தைலான்.

"தங்கிட்டேனுங்க" என்றார் நாடிமுத்து.

அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. "சரி, நாலு ஆச்சு. இப்ப வீட்டுக்குள்ள போய் அவரைப் பாக்கணும்" என்றாள்.

கோவிந்தராசு பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. அண்ணன் உள்ளே போனால் வெளியே மூன்று பேர்தான் இருப்பார்கள். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டைச் சுற்றி ஓடி, தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். மூச்சு வாங்கியது.

"நீங்கதான் நாடிமுத்துவா?"

கோவிந்தராசு பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். "இப்போதைக்கு ஆமாங்க" என்றான்.

"எத்தனை வருஷம் வெளிநாட்டுல இருந்தீங்க?"

"இருபத்தொம்பது வருஷம். இருபத்தொம்பதும் ஞாபகத்துல இருக்குங்க, நாடு பேருதான் மறந்துபோச்சு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். படத்தில் வழுக்கை. எதிரே அடர்ந்த முடி.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க யாரு?"

"கோவிந்தராசுங்க."

"அப்ப நாடிமுத்து எங்க?"

"வெளியில நிக்கிறாருங்க. நாடிமுத்து இங்கதான் இருக்காருன்னு சாட்சி சொல்றதுக்கு."

"அவரு வெளியில நின்னா, உள்ள இருக்கிற நீங்க யாரு?"

"அவருதாங்க."

மங்கையர்க்கரசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிவகாமி, யாருக்கு என்று தெரியாமலே ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். அதை முழுதும் குடித்துவிட்டு, இனி எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தவளைப் போல, அந்த அம்மா பேனாவை எடுத்தாள். நாடிமுத்துவுக்கு நேரே 'நிரந்தரமாக வசிக்கிறார்' என்று எழுதினாள். கோவிந்தராசு பேருக்கு நேரே 'இருபத்தொன்பது ஆண்டுகளாக வெளிநாட்டில் இருக்கிறார், வாய்மொழி வாக்குமூலம்' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நகல் ஒன்றைக் கிழித்து அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

நாடிமுத்து தம்பிகளைக் கட்டிக்கொண்டார். அவர் இனி எங்கேயும் போக வேண்டியதில்லை. வீராசாமிக்கும் தைலானுக்கும் துள்ளாத குறை. ஊரே தென்னைமரங்களைப் பார்த்துக் கைதட்டியது.

கோவிந்தராசு மட்டும் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு வெளிறிப்போனான். இருபத்தொன்பது வருஷம்! பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு, பேர்கூடத் தெரியாத ஒரு நாட்டில்! அங்கே என்ன வேலை பார்க்கிறானோ, நேரத்துக்குச் சாப்பிடுகிறானோ. ஸ்கூட்டரைக் கிளப்பிய மங்கையர்க்கரசிக்குப் பின்னாலேயே ஓடினான்.

"அம்மா, நான் எப்பங்க ஊருக்கு வருவேன்?"

அவளுக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. "நாளைக்கு வாங்க!" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

கோவிந்தராசுக்கு உயிர் வந்தது. "நாளைக்கு வர்றேனாம்!" என்று கூவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். அவன் மனைவி செந்தாமரை அரிசி அளந்துகொண்டிருந்தாள். கேட்டதும் பூரித்துப்போய், அவனுக்கு அளந்த அரிசியைப் பானையில் திருப்பிக் கொட்டினாள்.

"நாளைக்கு வர்ற ஆளுக்கு இன்னிக்கு எதுக்கு வடிக்கணும்? நாளைக்குக் கோழி அடிச்சு, சூடாப் போடறேன்."

கோவிந்தராசுக்கு அது நியாயமாகப் பட்டது. பசியோடு படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் எல்லோரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். இருபத்தொன்பது வருஷம் கழித்து வருகிறவனை வெறுங்கையோடு வரவேற்க முடியாது என்று கோவிந்தராசுவே ரோஜாமாலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். பஸ் வந்து நின்றபோதெல்லாம் முன்வாசலில் அவனும் பின்வாசலில் தம்பிகளும் நின்று, இறங்கிய ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்தார்கள். எட்டரை பஸ்ஸில் இல்லை. ஒன்பதே கால் பஸ்ஸில் இல்லை. பத்து மணி பஸ்ஸிலிருந்து ஒரு மூட்டை உமியும் ஒரு ஆடும் மட்டும் இறங்கின.

கோவிந்தராசுக்கு மனம் சோர்ந்துவிட்டது. மாலையில் இதழ் உதிர ஆரம்பித்திருந்தது. "பாவம், லீவு குடுத்திருக்க மாட்டாங்க" என்றான்.

நாடிமுத்து அண்ணன் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, சாலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோவிந்தராசுவின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"கவலைப்படாதேடா, தம்பி. அவன் பதினொண்ணரை பஸ்ஸுல வருவான். வெளிநாட்டுலேருந்து வர்றவனுக்குப் பெட்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும்."