கையில் இருந்த செருப்பு

நாட்டு நலப்பணித் திட்ட முகாமைப் பார்வையிட வந்த அதிகாரி ஞானசிகாமணி, ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, போனில் பேசிக்கொண்டே நடந்து வந்தார். முகாமை அடைந்ததும் போனை வைத்துவிட்டு மாணவர்களிடம் சீறினார்.

"பத்து நாளா என்ன கிழிச்சீங்க? ஒரு சுவராவது கட்டினீங்களா? நான் நிக்கிற இடத்திலேயே காட்டுங்க. இல்லாட்டி அடுத்த வருஷம் நிதி கிடையாது!"

மாணவர்கள் விழித்தார்கள். முகாமில் சமைக்கும் வடிவம்மாளுக்கு மட்டும் அந்தச் செருப்பின் மேலேயே கண்.

"ஐயா, அதை ஏன் கையில வச்சிருக்கீங்க?"

"உங்க ஊர்ப் பாதையில எப்பவும் முழங்கால் தண்ணியாச்சே! போன வருஷம் புதுச் செருப்பே போச்சு."

"இன்னிக்கு?"

அதிகாரி குனிந்து பார்த்தார். காலெல்லாம் புழுதி.

"தண்ணி எங்கம்மா போச்சு?"

"பிள்ளைங்க வெட்டுன வாய்க்கால்ல போயிருச்சு."

ஞானசிகாமணி செருப்பை மெல்லக் கீழே போட்டார். "நிதியை நிறுத்த வேண்டாம்னு எழுதிடுறேன்."

"எழுதுங்க ஐயா. அதுக்குள்ள கால் கழுவத் தண்ணி கொண்டாறேன்."