தவிட்டுக்கு விற்காத பெயர்

விளக்கு வைத்த பிறகு, தெய்வானையின் குடிசைக் கதவைக் கரக் கரக்கென்று ஏதோ சுரண்டியது. பதினாறு நாள் பிள்ளையை அணைத்தபடி திறந்தாள். மிராசுதார் குப்புசாமி கைத்தடியோடு நின்றார்.

"என் மாட்டுக்கொட்டிலைப் பெருக்குறவ பிள்ளைக்கு என் பேரா? ராஜ வம்சத்துப் பேருடி அது! விடியறதுக்குள்ள மாத்து. இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு."

பெயருக்குமா பட்டா வாங்கிவிட்டார் இந்த மனிதர்! தெய்வானை வாசலுக்கு வந்தாள். அதற்குள் தெருவே கூடிவிட்டது.

"ஐயா, உங்களுக்கு முன்னால பொறந்த மூணும் தங்கலை. அதான் எமன் கண்ணுல படாம இருக்க உங்களைக் குப்பைமேட்டுல கிடத்தினாங்க. எடுத்துக் குப்புசாமின்னு பேரு வச்சு, ஒரு படி தவிட்டுக்கு உங்க ஆத்தாகிட்டயே திருப்பி வித்தது என் மாமியா. இப்படிக் குப்பையில கிடந்து பொழச்ச குப்புசாமி இந்த ஊர்ல பதினோரு பேர்."

"அதுக்கென்னடி இப்போ?"

"தவிட்டைக் கொடுத்து வாங்கினது பிள்ளையை மட்டும்தான். பேரை நாங்க விக்கவே இல்லையே! சந்தேகம்னா பஞ்சாயத்தைக் கூட்டுங்க. உங்க ராஜ வம்சம் எந்தக் குப்பைமேட்டுல ஆரம்பிச்சுதுன்னு கையைக் காட்டுறேன்."

"அடேய், நானும் ராஜ வம்சமாம்டா!" என்றார் எதிர்வீட்டு வண்டிக்காரக் குப்புசாமி. தெரு வெடித்துச் சிரித்தது.

மிராசுதார் குடிசையை மறந்து, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். விடுவிடுவென்று நடையைக் கட்டினார். அவர் தெருமுனை தாண்டும்வரை நிமிர்ந்தே நின்ற தெய்வானை, உள்ளே வந்து தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.