இடது பக்கத்து ஸ்பிரிங்

"ஸ்பிரிங் கழட்டக் கத்துக்குடும்மா" என்று ரெஜினா வேலை பார்க்கும் கார் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார் சவரிமுத்து.

"எந்த ஸ்பிரிங்ண்ணே?" என்றார் ரெஜினா.

"இடது பக்கம்."

அதற்கு மேல் ரெஜினா கேட்கவில்லை. வலது பக்கத்து ஸ்பிரிங்கைப் பொன்மலை முழுக்க அறியும். மூன்று மாதம் முன்பு ஒரு பழைய ஃபியட் காரின் முன்சக்கரத்துக்கு மேலிருந்து அது தெறித்து, கழட்டிக்கொண்டிருந்தவரின் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அவர் சவரிமுத்துவின் தம்பி அடைக்கலம். இருபது வருடம் ரெஜினாவோடு இதே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்.

கார் இன்னும் அடைக்கலத்தின் வீட்டு வாசலில், முன்சக்கரங்கள் இல்லாமல், கட்டைமேல் நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் அவர் மனைவி அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். முன்னால் இரண்டு ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டால்தான் அது அங்கிருந்து நகரும்.

தானே வந்து செய்து தருவதாகச் சொன்னார் ரெஜினா. சவரிமுத்து கேட்கவில்லை. தன் மகள் கல்யாணத்துக்குக் கார் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடி என்று தம்பியை விரட்டியவர் அவர்தான்.

ரெஜினா சுவரைக் காட்டினார். ஆணியில் கொக்கி வைத்த இரண்டு நீளத் திருகுகள் தொங்கின. ஸ்பிரிங்கின் இருபுறமும் மாட்டித் திருகினால் அது தெறிக்காமல் சிறுகச் சிறுக அமுங்கும்.

"அன்னிக்கும் இது ரெண்டும் இங்கதாண்ணே தொங்குச்சு. இதை எடுக்காம அடைக்கலண்ணன் வெறும் கட்டுக்கம்பியைச் சுத்திக்கிட்டுக் கழட்டியிருக்காரு."

சவரிமுத்து இரண்டையும் ஆணியிலிருந்து எடுத்தார்.

ஐந்து நாள் மேஜைமேல் ஒரு பழைய ஸ்பிரிங்கை அமுக்கினார், தளர்த்தினார். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று. இரண்டாம் நாள் ஒரே பக்கம் நாலு சுற்று போனது. ஸ்பிரிங் வில்லாக வளைந்தது. ரெஜினா அவரை விலக்கி, எல்லாவற்றையும் தளர்த்தி, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

"வரிசையில நிக்கிறவன் கத்துறான்னு டிக்கெட் குடுத்த அவசரம் இங்க வேணாம்ண்ணே."

முப்பது வருடம் ரயில்வே கவுண்டரில் உட்கார்ந்தவர் முதல் சுற்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

ஆறாம் நாள் காருக்குப் போனார்கள். தெறித்தாலும் பறக்காதபடி ஸ்பிரிங்குக்குள் சங்கிலி விட்டுக் காரின் சட்டத்தோடு பூட்டினார்கள். திருகுகளை மாட்டினார்கள். முகத்தை ஓரமாக வைத்துக்கொள்ளும்படி ரெஜினா இரண்டு முறை சொன்னார். அடியில் முட்டுக்கொடுத்திருந்த ஜாக்கி ஒவ்வொரு விரற்கடையாக இறங்கியது. தம்பி மனைவி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் ஆனது. ஸ்பிரிங் திருகுகளுக்கு நடுவே அமுங்கியபடியே வெளியே வந்தது. வேலை முடிந்ததென்று சவரிமுத்து எழுந்தார்.

ரெஜினா அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அமுங்கியிருக்கிற வரைக்கும் அது காருக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றுதான் என்றார்.

மறுபடி இரண்டு சுற்று, இரண்டு சுற்று. கடைசியில் திருகுகள் தாமாகக் கழன்று விழுந்தன. தரையில் கிடந்தது வெறும் இரும்பு.

சவரிமுத்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அப்போதும் அவை நிற்காமல் நடுங்கின.

"இன்னும் எத்தனை கழட்டினா இந்த நடுக்கம் போகும்மா?"

ரெஜினா திருகுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அடைக்கலண்ணனுக்கு அந்த நடுக்கம் போயி ரொம்ப வருஷம் ஆச்சுண்ணே."